கடைமடைக்கும் எட்ட வேண்டிய வரிச் சலுகை



பொருள் வளத்தில் பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழில்கள் சென்று சேர வேண்டுமென்று கருதி, அரசினர் தொழில் தொடங்குவோருக்கு வரிச் சலுகை வழங்குவதை நாம் அறிவோம். அச்சலுகை இதுகாறும் எங்கே சென்று தங்கியது, காவிரியின் கடைமடையில் வாழும் மக்களுக்கும் அது பயன்பட வேண்டுமாயின் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நெற்களஞ்சியம் என்று புகழப்படும் தஞ்சைத் தரணிக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். களஞ்சியம் நிறைந்திருப்பது வேறு. அதனை நிறைத்தவன் வீட்டுப் பானை நிறைந்திருப்பது வேறு. நடவுக்கும் அறுவடைக்கும் இடையே கூலி வேலை அருகிவிடுகிறது. அறுவடை இயந்திரம் வந்த பின்னர் அறுப்பு நாட்களின் கூலியும் குறைந்துவிட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப் பேரலை படகுகளை உடைத்தது. 2018 நவம்பரில் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. என்னிடம் பயின்ற பிள்ளைகளிற் பலர் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். விரும்பிச் சென்றவர் சிலர்; வேறு வழியின்றிச் சென்றவரே பலர்.

வரியை விட்டுக்கொடுத்து நன்மையை வளர்க்கலாம் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. 1070ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன், சுங்கத்தை நீக்கியமையால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் இறையிலி நிலங்களைப் பற்றிப் படிக்கிறோம். அவற்றில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. விட்டுக்கொடுத்த வரிக்கு எதிரே பெரும்பாலும் ஒரு பணி குறிக்கப்பட்டிருக்கும். கோயிலில் விளக்கு எரிய வேண்டும். அல்லது ஏரியைத் தூர்வாரிக் கரை உயர்த்த வேண்டும். ஏரியைப் பேணுவதற்கென்றே விடப்பட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப் பெயர் பெற்றது. சலுகை ஒரு கையிலும் கடமை மற்றொரு கையிலுமாக வழங்கிய முறை இது.

விடுதலை பெற்ற இந்தியாவும் இவ்வழியை மேற்கொண்டது. தேர்ந்தெடுத்த பின்தங்கிய பகுதிகளில் ஆலை அமைப்போருக்கு, அவர்கள் இடும் மூலதனத்தில் நூற்றுக்கு 10 பங்கை மானியமாக அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 1971இல் தொடங்கியது. பின்னர் அது 15 ஆக உயர்ந்தது. பின்தங்கிய பகுதிகளில் 1970இன் இறுதிக்குப் பிறகு தொடங்கிய தொழிற்சாலைகள், தாம் ஈட்டும் இலாபத்தில் நூற்றுக்கு 20 பங்கைப் பத்தாண்டுகள் வரை வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள 1974ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. தமிழ்நாட்டில் 'சிப்காட்' நிறுவனம் 1971இல் தோன்றி, இராணிப்பேட்டையிலும் ஓசூரிலும் தொழில் வளாகங்களை அமைத்தது.

விளைவு என்ன? ஓசூர் தழைத்தது, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர். பின்தங்கியது என்று அறிவிக்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டம் முழுவதும். ஆலைகள் வந்து குவிந்ததோ பெருநகரை ஒட்டிய அதன் ஒரு மூலையில். அதே மாவட்டத்துப் பென்னாகரத்து மக்கள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வது நிற்கவில்லை. திட்டக் குழுவின் சார்பில் பின்தங்கிய பகுதிகளை ஆராய்ந்த சிவராமன் குழுவும், மானியத்தின் பெரும்பகுதி வளர்ந்த நகரங்களை அடுத்த சில மாவட்டங்களுக்கே சென்றதை 1980ஐ ஒட்டிய தன் அறிக்கைகளில் எடுத்துக்காட்டியது.

வடநாட்டிலும் இதே கதைதான். இமாசலப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டத்துக்கும் 2003இல் பெருஞ்சலுகை அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு உற்பத்தி வரி விலக்கும், ஐந்தாண்டு முழு வருமான வரி விலக்கும் அதில் அடங்கும். மருந்து ஆலைகள் பத்தி என்னும் ஊருக்குத் திரண்டு வந்தன. ஆனால் பத்தி, சண்டிகருக்கு அருகே மலையடிவாரத்தில் இருப்பது. உத்தராகண்டத்திலும் அரித்துவாரம், உருத்திரபூர் ஆகிய சமவெளி ஊர்களே ஆலைகளை ஈர்த்தன. மலைமேலுள்ள சிற்றூர்கள் ஆளின்றி வெறிச்சோடிப் போயின.

இதன் காரணம் காவிரிக் கரையில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். மேட்டூர் அணை திறந்தவுடன் நீர் வேதாரணியத்துக்கும் தலைஞாயிற்றுக்கும் வந்துவிடுவதில்லை. முறை வைத்து மதகைத் திறந்து மூடாவிடில் தலைமடைக்காரர் வயல் நிறையும். கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்து நிற்பார். தலைமடைக்காரர் தீயவர் என்பது பொருளன்று. நீர் அருகிலுள்ள பள்ளத்தில்தான் முதலில் பாயும். முதலாளியும் அவ்வாறே. அவர் தருமம் செய்ய வருபவர் அல்லர். சலுகை கிடைக்கும் எல்லைக்குள், நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் மிக அண்மையான இடத்தை அவர் தேர்ந்தெடுப்பது இயல்பே.

எல்லைக் கோட்டின் விந்தையைக் காண நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. காரைக்கால் நம் காவிரிப் படுகையினுள்ளேயே இருக்கிறது. அரசலாறு அங்கேதான் கடலிற் கலக்கிறது. ஆயினும் அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்து 1954இல் இந்தியாவுடன் இணைந்த பகுதியாதலால் புதுச்சேரியைச் சேர்ந்தது. தொழில் துறையில் பின்தங்கியவை என்று கருதப்பட்ட மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் 1993இல் ஐந்தாண்டு முழு வருமான வரி விலக்கு அளித்தபோது, அப்பட்டியலில் புதுச்சேரி இடம் பெற்றது. தமிழ்நாடு இடம் பெறவில்லை. மண் ஒன்று, ஆறு ஒன்று, மக்கள் பேசும் மொழியும் ஒன்று. வரியின் கணக்கு மட்டும் நாகூருக்கு வடக்கே வேறாயிற்று. வறுமையை அளந்து கோடு கிழிக்காமல், ஆட்சி எல்லையைக் கோடாகக் கொண்டால் இவ்வாறுதான் நேரும். 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின், விற்பனை வரியைக் குறைத்து ஆலைகளை அழைக்கும் வழி மாநிலங்களுக்கு வெகுவாகச் சுருங்கிவிட்டது. இனி வழங்கும் சலுகையையேனும் ஆராய்ந்து வழங்க வேண்டும்.

அது எவ்வாறு? மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, சலுகைக்கு அளவு மாவட்டமாக இருத்தல் கூடாது. ஊராட்சி ஒன்றியமாக இருத்தல் வேண்டும். கும்பகோணத்துக்கும் தலைஞாயிற்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. கடைமடை ஒன்றியத்துக்குச் சலுகை மிகுதியாகவும் நகரை அடுத்த ஒன்றியத்துக்குக் குறைவாகவும் இருப்பதே முறை.

இரண்டாவது, இலாபத்துக்கும் இயந்திரத்துக்கும் அளிக்கும் சலுகையைவிடக் கூலிக்கு அளிக்கும் சலுகை சிறந்தது. பத்துக் கோடி ரூபாய் இயந்திரத்தைப் பத்துப் பேர் இயக்கினாலும் மூலதன மானியம் முழுதும் கிடைத்துவிடும். மாதம் 25,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் புதிதாக ஆள் சேர்ப்போர், அவ்வூதியச் செலவில் நூற்றுக்கு 30 பங்கை மூன்றாண்டுகளுக்குக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளும் விதியொன்று 2016இல் எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பொதுவாக ஆண்டில் 240 நாட்களேனும் வேலை அளித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இது நாடு முழுவதற்கும் பொதுவான விதி. பின்தங்கிய ஒன்றியத்தில், அவ்வூராருக்கே வேலை தருவோருக்கு இப்பங்கை உயர்த்திக் கொடுத்தால், சலுகையும் கடமையும் ஏரிப்பட்டியிற்போல் மீண்டும் ஒன்று சேரும்.

மூன்றாவது, சலுகைக் காலம் முடிந்த பின்னும் நிலைத்து நிற்கும் தொழில்களையே நாம் அழைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தோல் பதனிடுதல், செம்பு உருக்குதல், எண்ணெய் எரிவாயு அகழ்தல் போன்ற புதிய தொழில்களைப் படுகையில் தடுத்திருக்கிறது. அது நன்றே. ஆனால் ஒரு கதவைச் சாத்தியவர்கள் மற்றொரு கதவைத் திறக்கவும் வேண்டும். 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமியும் 5 முதல் 8 கிலோ வரை தவிடும் கிடைக்கின்றன. தவிட்டில் எண்ணெய் உண்டு. ஆனால் அரைத்த சில நாட்களிலேயே அது சிக்குப் பிடித்துக் கெடத் தொடங்கும். ஆகவே தவிட்டெண்ணெய் ஆலை அரிசி ஆலைக்கு அருகில் இருப்பதே இலாபம். இத்தகைய தொழிலுக்கு நம் ஊர் இயல்பான இடம். சலுகை நின்றவுடன் அது மூட்டை கட்டாது. இதற்கான அறிவும் நம்மிடமே உண்டு. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றியதே, இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

நேயர்களே, அரசு விட்டுக்கொடுக்கும் வரி யாரோ ஒருவருடைய பணமன்று. பள்ளிக்குக் கூரையாகவும் மருத்துவமனைக்கு மருந்தாகவும் ஆகியிருக்க வேண்டிய பொதுப் பணம் அது. எந்த ஒன்றியத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம், அதனால் அவ்வூரில் எத்தனை பேருக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைத்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்கச் செய்ய வேண்டும். அக்கணக்கைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது. முறைப்பாசனத்தில் தன் முறை தவறினால் மதகடியிற் போய் நின்று கேட்கும் உழவர் பெருமக்களுக்கு இதனை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.