குறியும் ரவையும்

துப்பாக்கி என்பது யாழ்ப்பாணத்தவர் செவிக்கு இனிய சொல்லன்று. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் ஓசையைக் கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆயினும், எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாது, தாளில் வரைந்த வளையங்களைக் குறிவைத்துச் சுடுவது உலகெங்கும் ஒரு விளையாட்டாகப் பயிலப்படுகிறது. அவ்விளையாட்டினர் தம் ரவைகளைத் தெரிந்தெடுக்கும் முறை, அளத்தல் என்னும் செயலைப் பற்றி நமக்கு நல்ல பாடம் ஒன்றைப் புகட்டுகிறது.

ஐம்பது மீற்றர் றைபிள் போட்டியில் நடு வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், ஒரு கடலை மணியின் அளவு. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில், படுத்துச் சுடும் போட்டியில் நான்காம் இடம் பெற்ற இந்திய வீரர் ஜோய்தீப் கர்மாகர், 1.9 புள்ளி வேறுபாட்டால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே, மூன்று நிலைகளிற் சுடும் போட்டியில் 451.4 புள்ளி பெற்று வெண்கலம் வென்றார். அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம் அது.

இப்போட்டிகளுக்குரிய ரவை 5.6 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து அமைந்திருக்கும். அவ்விளிம்பில் அடி விழுந்ததும் வெடி எழும். சுட்ட கூட்டில் மீண்டும் மருந்திட்டு நிரப்ப இயலாது. ஆகவே, சுடுபவரால் ரவையைத் திருத்த முடியாது. தெரிந்தெடுக்க மட்டுமே முடியும்.

தெரிவதால் விளையும் பயன் யாது? இந்த ரவை விநாடிக்கு ஏறத்தாழ 325 மீற்றர் வேகத்திற் செல்வது. வேகம் பத்து மீற்றர் குறைந்தால், ஐம்பது மீற்றர் தூரத்தில் அது ஏழெட்டு மில்லிமீற்றர் தாழ்ந்து படும். நடுப்புள்ளியிற் பட வேண்டிய குண்டு, பத்தாம் வளையத்தின் ஓரத்துக்கே தள்ளப்பட்டுவிடும். கையும் கண்ணும் பிழையாதிருந்தும் புள்ளி குறையும்.

இதனைத் தவிர்க்கச் சிலர் ரவைகளை நுண்தராசில் நிறுத்துப் பிரிப்பர். வேறு சிலர் அடிவிளிம்பின் தடிப்பை அளந்து, ஒத்தவற்றை ஒன்றுசேர்ப்பர். இரண்டும் பொறுமை மிக்க செயல்களே. ஆனால், தராசு முழு ரவையையும் ஒருங்கே நிறுக்கிறது. உள்ளிருக்கும் வெடிமருந்தோ ஒரு கிராமின் பத்திலொரு பங்கிலும் குறைந்தது. நூறிலொரு கிராம் வேறுபாடு பித்தளையில் இருந்தால் பெருங்கேடில்லை. மருந்தில் இருந்தால், அது பத்திலொரு பங்குக்கும் மேற்பட்ட பெரும் வேறுபாடு. எதில் வேறுபாடு உள்ளது என்பதைத் தராசு சொல்லாது.

ஆதலால் தேர்ந்த வீரர்கள் தாளையே நீதிபதியாக்குகின்றனர். ஒரே தொகுதியாகச் செய்யப்பட்ட ரவைகளுக்கு ஒரே எண் இடப்படும். றைபிளை அசையாது பிணித்து, வெவ்வேறு தொகுதிகளைப் பத்துப் பத்தாகச் சுட்டு, எது நெருக்கமாகப் படுகிறதென்று பார்த்து, அத்தொகுதியையே வாங்குவர். இதற்கெனச் சோதனைக் கூடம் வைத்திருக்கும் உற்பத்தியாளரும் உளர். ஒரு றைபிளுக்கு இசைந்த தொகுதி மற்றொன்றுக்கு இசையாமற் போவதும் உண்டு. வலிகாமத்துச் செம்மண்ணிற் செழித்த விதை வடமராட்சியின் மணற்பாங்கான நிலத்திற் சோர்வதை நம் கமக்காரர் அறியாரா?

நிறுத்துப் பிரித்ததால் நன்மை உண்டா என்று அறிய விரும்புவோர், பிரித்தவற்றையும் பிரியாதவற்றையும் மாறிமாறிச் சுடவேண்டும். எது எதுவெனச் சுடுபவர் அறியாதிருத்தல் வேண்டும். அறிந்தால், மனம் தன் உழைப்புக்குத் தானே பரிசு வழங்கிவிடும். ஐந்து குண்டுகள் நெருங்கிப் பட்டதைக் கண்டு மகிழ்ந்துவிடலும் ஆகாது. பலமுறை சுட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறலாம்.

எளிதில் அளக்கக்கூடியதை அளந்துவிட்டு, அறிய வேண்டியதை அறிந்துவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. வயலிலும் வணிகத்திலும், புள்ளியிட்டு மாணவரைத் தரம் பிரிக்கும் எம் பள்ளிக்கூடங்களிலும் இவ்வியல்பு உண்டு. அளவுகோல் வேண்டியதே. ஆனால், அது காட்டும் எண் எதனைக் குறிக்கிறது, எதனைக் குறிக்கவில்லை என்று கேட்கும் பழக்கம் அதனினும் வேண்டியது. அப்பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே ஊட்டுவோமாக.