சங்கமும் சகோதரத்துவமும்
(வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பெயர்ப்பலகை ஒன்றும் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தால் சங்கம் அமைந்துவிட்டதென நாம் எண்ணிவிடுகிறோம். சகோதரர்களாகக் கூடும் சங்கம் எதற்காக இருக்கிறது, இன்று அது செய்யவேண்டியது யாது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டுகளில் தொழிலாளர்கள் சங்கங்கூடி, தவணைதோறும் சில பென்னிக் காசுகளைப் பொதுநிதியில் இட்டுவந்தனர். நோயுற்றவனுக்கு உதவிப்பணமும், இறந்தவனுக்கு அடக்கச் செலவும் அந்நிதியிலிருந்தே கிடைத்தன. 1911இல் அந்நாட்டரசு தேசிய காப்புறுதிச் சட்டத்தை இயற்றுமுன் ஏழைக்கு அதுவே பெருந்துணை. நம் ஊர்களின் மரணாதார சங்கங்கள் செய்துவந்த தருமமும் இதுவே.

யாழ்ப்பாணத்தில் 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை, அடுத்த ஆண்டில் இந்துசாதனம் பத்திரிகையைத் தொடங்கியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை ஏற்று வளர்த்தது. சுவாமி விவேகானந்தர் 1897இல் இலங்கை வந்து சென்றபின், 1902இல் கொழும்பில் விவேகானந்த சபை எழுந்தது. 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நிறுவினர். நம் தீவுகளை நோக்கின், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் பாதை, அதற்காகப் பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நயினை அம்பாளைத் தரிசிக்க வருவோரின் பசியை அமுதசுரபி அன்னதான சபை தீர்த்துவருகிறது. இவையெல்லாம் பலர் கூடி முயன்றதன் பயன்.

1990ஆம் ஆண்டின் யுத்தத்தோடு நம் தீவு மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பவில்லை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நகரங்களில் இன்று நம் ஊர்ப்பெயர்களில் சங்கங்கள் இயங்குகின்றன. கோவில் திருப்பணியும் பாடசாலைக் கட்டிடமும் புலமைப்பரிசிலும் அவர்கள் அனுப்பும் பொருளால் நிறைவேறுகின்றன. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் பணம் கடல் கடந்து வரும், தோள் வராது.

பிள்ளைகள் யாவரும் பிறநாட்டிலிருக்க, பூட்டிய வீடுகளின் நடுவே தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர்! நெடுந்தீவிலுள்ள மூதாட்டி ஒருவர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குச் செல்லவேண்டுமாயின், குறிகட்டுவான்வரை கடல், அதன்மேல் நெடுந்தூர பஸ் பிரயாணம். கைபிடித்து வள்ளத்தில் ஏற்றிவிட ஆள் வேண்டாமா? மரண வீட்டிலே பாடை சுமக்க நால்வர் வேண்டாமா? கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது நன்று. ஆயின் கோபுரத்தின் நிழலிலே ஓர் உயிர் கவனிப்பாரற்றுக் கிடக்குமானால், நம் சங்கம் எதற்கு?

இன்னுமொன்று கூறவேண்டும், சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். சகோதரர் என்று நாம் அழைப்பது யாரை? சாதியின் பெயரால் பொது இடங்களில் தடைசெய்வதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் இயற்றப்பட்டது. சட்டம் கதவைத் திறக்கும். மனத்தைத் திறப்பது சங்கத்தின் கடமை. திருஞானசம்பந்தர், பாணர் குலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணரைத் தம்முடன் தலந்தோறும் அழைத்துச் சென்றார். சாத்தமங்கையிலே திருநீலநக்கர், தம் இல்லத்து வேள்வித் தீயின் அருகிலேயே அவருக்குத் துயில இடமளித்தார் எனப் பெரிய புராணம் கூறுகிறது. அப்புராணத்தைக் கோவில்தோறும் படித்துப் பயன்சொல்லும் நாம், நம் நிர்வாக சபையில் யார் யாருக்கு இடமளித்தோம்? யார் யார் வீட்டு மரணத்துக்குத் தோள் கொடுத்தோம்? சகோதரத்துவத்துக்கு இவையே உரைகல். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பௌத்த யாத்திரிகரும் நம்மோடு ஒரே வள்ளத்திற் பிரயாணஞ் செய்யும் கடல் இது. அலை எவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே வாலிபர்களே, மூன்று காரியங்களை இவ்வாண்டு மேற்கொள்வோம். தனித்து வாழும் முதியோரின் பெயர்களைப் பதிவுசெய்து, வாரத்துக்கொருமுறை அவர்கள் வாசலை மிதிப்போம். ஆஸ்பத்திரிப் பிரயாணத்துக்கு முறைவைத்துத் துணை செல்வோம். எவர் வீட்டு மரணமாயினும் அழைப்பை எதிர்பாராது செல்வோம். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. நேரமும் நெஞ்சமும் போதும்.

அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தித் திருவீதியிற் புல் செதுக்கினார். அதனினும் எளிய பணி எதுவுமில்லை, உயர்ந்த பணியும் வேறில்லை. அவ்வழியில் நம் சங்கம் வளர நயினை நாகபூஷணி அம்பாள் திருவருள் பாலிப்பாளாக.