காற்றுக் குழாயும் காரின் வலுவும்



இங்கிலாந்தில் தொழில் பார்த்துவரும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்குக் கடிதம் ஒன்று எழுதியிருந்தார். மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டு, முதலாம் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ். 5 கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறாராம். இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய அச்சிறிய ஸ்போர்ட்ஸ் கார் 1989ஆம் ஆண்டில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. அதன் 1.6 லீற்றர் எஞ்சின் ஏறக்குறைய 115 பரிவலு, அதாவது குதிரைச் சக்தி, உடையது. "எஞ்சினுக்குக் காற்றை எடுத்துச் செல்லும் புதுக் குழாய் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பூட்டினால் பத்துப் பரிவலு கூடும் என்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?" என்பதே அவருடைய கேள்வி.

வரலாறும் இலக்கியமும் கற்ற என்னிடம் இக்கேள்வி வந்தது விந்தைதான். ஆயினும், மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தேடாதிருத்தல் ஆசிரியருக்கு அழகன்று. எங்கள் பாடசாலைப் பௌதிக ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இதனை ஆராய்ந்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எஞ்சின் பெற்றோலை மட்டும் உண்டு வாழ்வதன்று. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவிற் கூறினால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்றாகும். நிமிடத்துக்கு 6,500 முறை சுழலும்போது, நாம் கூறிய 1.6 லீற்றர் எஞ்சின் ஒரு நிமிடத்தில் 5,200 லீற்றர் வரையிற் காற்றை உறிஞ்சக்கூடும். இத்துணைக் காற்று செல்லும் வழியில் தடை இருப்பின் வலு குறையும் என்பது உண்மையே. விற்பவர்கள் கூறுவதும் இதனைத்தான். ஆனால், அத்தடை எவ்வளவு என்பதை மட்டும் அவர்கள் கூறுவதில்லை.

அதனை அளக்க நம் பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள கருவியே போதுமானது. யூ வடிவமாக வளைத்த கண்ணாடிபோன்ற குழாயொன்றில் நீரை நிரப்பி, ஒரு முனையை வடிகட்டிக்கு அப்பாலுள்ள காற்றுவழியில் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிட வேண்டும். எஞ்சின் முழுமூச்சாக இயங்கும்போது இரு நீர்மட்டங்களுக்கும் இடையே தோன்றும் உயர வேறுபாடு, வடிகட்டி விளைக்கும் தடையைக் காட்டும். நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுக்கமோ ஏறக்குறையப் பத்து மீற்றர் உயர நீரைத் தாங்கவல்லது. ஆகவே, பத்துச் சென்ரிமீற்றர் வேறுபாடு என்பது நூற்றில் ஒரு பங்கு இழப்பாகும்.

இதனை நான் எழுதியனுப்பியதும், மாணவர் தமக்குத் தெரிந்த திருத்தகம் ஒன்றில், சில்லுகளை உருளைகளின் மேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் பொறியில் வண்டியை ஏற்றிப் பரிசோதித்தார். எஞ்சின் நீரை உறிஞ்சிவிடாதபடி குழாயை நீளமாகவே வைத்திருந்தாராம். வடிகட்டியின் தடையால் நீர்மட்டத்தில் ஒரு சாண் வேறுபாடுகூடத் தோன்றவில்லை என்று பதில் வந்தது. அதாவது, அத்தடையை அறவே நீக்கினாலும் பெறக்கூடியது நூற்றில் இரண்டு பங்கு. 115 பரிவலுவில் அது இரண்டு பரிவலுவுக்குச் சற்றே கூடியது. பத்து எங்கே, இரண்டு எங்கே!

அந்த இரண்டும் கைக்கு எட்டுமா என்பதும் ஐயமே. மலிவான குழாய்கள் பல, கூம்பு வடிவ வடிகட்டியை எஞ்சின் அறையினுள்ளேயே திறந்தபடி நிறுத்திவிடுகின்றன. அங்குள்ள காற்று வெப்பமானது. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. 20 பாகை செல்சியசிலுள்ள வெளிக் காற்றுக்குப் பதிலாக 60 பாகையிலுள்ள காற்றை எஞ்சின் உண்ணுமாயின், உட்செல்லும் காற்றின் நிறை நூற்றில் ஏறக்குறையப் பன்னிரண்டு பங்கு குறைந்துவிடும். இரண்டை நாடிப் பன்னிரண்டை இழப்பது வணிகமாகுமா?

அப்படியாயின், பூட்டியவர்கள் வேகம் கூடிவிட்டது என்று மனமார உரைப்பது ஏன்? அவர்கள் பொய் உரைப்பதில்லை. அவர்களுடைய செவி அவர்களை ஏமாற்றுகிறது. தொழிற்சாலையில் அமைத்த காற்றுப் பெட்டி, உறிஞ்சும் ஓசையை அடக்குவதற்காகவும் வடிவமைக்கப்பட்டதாகும். அதனைக் கழற்றியதும் எஞ்சின் உறுமுகிறது. உறுமலை வலுவென மனம் கொள்கிறது. ஓசைக்காகவே ஒருவர் வாங்குவாராயின் அதனைக் குறைகூற மாட்டேன். ஆனால், ஓசையை ஓசையென்றே அறிந்து வாங்கட்டும்.

எரிபொருள் மிச்சமாகும் என்ற விளம்பரத்தையும் நம்புவதற்கில்லை. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மின்னணுக் கட்டுப்பாடுள்ள கார்களில் அடைபட்ட வடிகட்டிகூட எரிபொருட் செலவைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை எனக் கண்டது. வேகம் பிடிக்கும் திறனே அதனாற் குறைந்தது. அடைபட்டதை நீக்கினாலே கிடைக்காத மிச்சம், நல்ல நிலையிலுள்ளதை மாற்றினால் எங்ஙனம் கிடைக்கும்?

இனி, இழப்பின் பக்கத்தையும் நோக்குவோம். தூசியிலுள்ள படிகக்கல் மணல் உருக்கைக் கீறும் வன்மையுடையது. காற்றைத் தாராளமாக விடும் தரமற்ற வடிகட்டி தூசியையும் தாராளமாக விடும்; உருளைகளின் சுவர்கள் மெல்ல மெல்லத் தேயும். எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்துவிட்டால், பிற்காலக் கார்களிற் காற்றை அளக்கும் சூடேறிய நுண்கம்பியில் அது படிந்து கணக்கைப் பிழையாக்கும். குழாயின் வாய் நிலத்தை அண்மி அமைந்திருந்தால், வெள்ளத்திற் செல்லும்போது நீர் உட்புகக்கூடும். நீர் காற்றைப்போல அமுங்காது. முசலத்தைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். சிறு தொகையை மிச்சம்பிடிக்கப்போய் முழு எஞ்சினையும் இழக்க நேரும். மேலும், வண்டியில் மாற்றம் செய்தால் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் இங்கிலாந்திற் கட்டாயமாகும். அறிவிக்காதவரின் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம்.

எல்லாக் குழாய்களும் பயனற்றவை என்பது என் வாதமன்று. வெளியிலுள்ள குளிர்ந்த காற்றையே எடுக்கும்படி மூடி அமைக்கப்பட்டதாய், வடிகட்டியின் திறன் முறையாகச் சோதிக்கப்பட்டதாய், பூட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே வண்டியில் அளந்த வலுவைக் காட்டுவதாய் இருப்பின் அது பரிசீலிக்கத் தக்கதே. காற்றை அழுத்திச் செலுத்தும் பொறி பூட்டிய எஞ்சின்களில் அதனாற் பயன் கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால், அத்தகையது மலிவாகக் கிடைப்பது அரிது.

மாணவருக்கு நான் எழுதிய விடை இதுதான்: "தம்பி, புதிய கடதாசி வடிகட்டி ஒன்றை வாங்கிப் பூட்டும். எஞ்சிய பணத்தை நல்ல டயர்களுக்கும் பிறேக்குக்கும் செலவிடும். உமது காரைச் சமைத்தவர்கள் 'ஜின்பா இத்தாய்' என்ற யப்பானியத் தொடரைத் தம் குறிக்கோளாகக் கொண்டவர்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாதல் என்பது அதன் பொருள். இரண்டு குதிரைகளைக் கூட்டுவதிலும், இருக்கும் குதிரைகளை நன்றாகச் செலுத்தப் பழகுவதே உமக்கு நலம்."

அவர் குழாயை வாங்கவில்லை. நீர் நிரப்பிய அந்த யூ குழாயை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாராம். வேறு எவரேனும் பத்துப் பரிவலு என்று கூற வந்தால் எடுத்துக் காட்டுவதற்காம்!