வீட்டிலேயே சர்க்யூட் போர்டு: எந்த மில்லிங் மெஷினை வாங்கலாம்?

(நமது கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ள பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பிரெட்போர்டில் வயர் செருகி விளக்கு எரியவைத்து, சென்சார் ஓடவைத்துப் பழகியபின், "இதை உறுதியான ஒரு சர்க்யூட் போர்டாகச் செய்யவேண்டும்" என்ற ஆசை அவர்களுக்கு வருவது இயல்பு. ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலருக்கும் அதே ஆசை இருக்கிறது. அவர்களுக்காகவும், அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காகவும் சேர்த்தே இன்று பேசுகிறேன்.

வீட்டில் போர்டு செய்யப் பழைய வழி ஒன்று உண்டு. செம்பு பூசிய அட்டையில் கோடுகளை அச்செடுத்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் தேவையற்ற செம்பு கரைந்துவிடும். செலவு குறைவு. ஆனால் வேலை முடிந்தபின் கையில் மிஞ்சுவது செம்பு கரைந்த கரைசல். அதை வாஷ் பேசினில் ஊற்றினால் எங்கே போகும்? நம்முடைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான். அங்கே அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை பாக்டீரியாக்கள். கரைந்த செம்பு அவற்றுக்கு நஞ்சு. அந்தத் தண்ணீரைத்தான் நாம் தோட்டத்துக்கும் ஃபிளஷுக்கும் திருப்பி விடுகிறோம். ஆகவே அடுக்ககத்தில் அந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டாவது வழி மில்லிங். கணினி சொல்கிறபடி நகரும் சிறிய மெஷின், ஊசிபோன்ற பிட்டால் செம்புப் படலத்தைச் சுரண்டி, கோட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டும். துளையும் அதுவே போடும், போர்டின் ஓரத்தையும் அதுவே அறுக்கும். ரசாயனம் கிடையாது. ஆனால் தூசியும் சத்தமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு மெஷின் தேவைதானா? ஆண்டுக்கு இரண்டு, மூன்று போர்டுதான் என்றால் வெளியே ஆர்டர் கொடுப்பதே மேல். தொழிற்சாலைப் போர்டில் துளைகளுக்குள்ளும் செம்பு பூசியிருக்கும். மேலே பச்சை நிறப் பாதுகாப்புப் பூச்சு இருக்கும். மில்லிங் போர்டில் இரண்டும் கிடையாது. இரு பக்கமும் கோடு இருந்தால், துளைக்குள் வயர் செருகி இருபுறமும் நீங்களே சால்டர் செய்யவேண்டும். காலையில் வரைந்ததை மாலையில் ஓட்டிப் பார்த்து, தவறு இருந்தால் மறுநாளே திருத்திச் செய்து பார்க்கவேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த மெஷின்.

தேவை என்று முடிவானால், விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மேடையின் அளவு. 3018 என்று விற்கப்படும் மெஷின்களில் அந்த எண்ணின் பொருள், வேலை செய்யும் பரப்பு 300 மி.மீ., 180 மி.மீ. என்பதே. பிள்ளைகள் செய்யும் போர்டுகள் பெரும்பாலும் 100 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அதனால் பெரிய மேடைக்குப் பணம் கொடுப்பதைவிட, ஆடாத மேடைக்குப் பணம் கொடுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். வழக்கமான போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை முப்பது பங்காகப் பிரித்தால் கிட்டத்தட்ட அதில் ஒரு பங்கு. நாம் பயன்படுத்தும் பிட்டின் முனை V வடிவத்தில் இருக்கும். ஆழம் கூடக் கூட வாய்க்காலின் அகலமும் கூடும். முனை 0.1 மி.மீ., கோணம் 30 டிகிரி உள்ள பிட், 0.1 மி.மீ. ஆழத்தில் சுமார் 0.15 மி.மீ. அகலம் வெட்டும். ஆழம் 0.2 ஆனால் அகலம் 0.21 ஆகிவிடும். 60 டிகிரி பிட் என்றால் அதே மாற்றத்தில் 0.22 என்பது 0.33 ஆகும். சிறிய சிப்களில் கால்களுக்கு இடைவெளியே 0.3 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆழத்தில் முடியளவு பிசகினாலும் கோடு அறுந்துபோகும், அல்லது செம்பு வெட்டுப்படாமல் ஷார்ட் ஆகும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, சட்டம். தாங்கும் பகுதிகள் பிளாஸ்டிக்கா, அலுமினியமா? அலுமினியமே நல்லது. ஸ்பிண்டிலை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

இரண்டு, ஸ்பிண்டிலின் ஆட்டம். இதை ரன்-அவுட் என்பார்கள். பிட் தன் அச்சில் நேராகச் சுழலாமல் தள்ளாடினால், தள்ளாடும் அளவுக்கு வாய்க்கால் அகலமாகும், 0.8 மி.மீ. துளைக்கான மெல்லிய டிரில் முறிந்துவிடும். அதிக வேகம் என்று விளம்பரம் சொல்வதைக் கேட்டு மயங்கவேண்டாம். லேத் பட்டறையில் இருக்கும் டயல் கேஜை வைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பிட்டைப் பிடிக்கும் காலெட்டை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பல சமயம் ஆட்டத்துக்குக் காரணம் மட்டமான காலெட்தான்.

மூன்று, மரைத்தண்டில் உள்ள ப்ளே. மோட்டார் திசை மாறும்போது மேடை உடனே திரும்பாமல் சற்றுத் தாமதித்தால், வட்டம் வட்டமாக வராது. ப்ளேயை எடுக்கும் ஸ்பிரிங் வைத்த நட் மூன்று அச்சிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு, மட்டம் பார்க்கும் வசதி. எந்த அட்டையும் முற்றிலும் தட்டையாக இருக்காது. ஒரு வயரைச் செம்பிலும் இன்னொன்றைப் பிட்டிலும் மாட்டினால், பிட் பல இடங்களில் தொட்டுப் பார்த்து மேடு பள்ளத்தைப் பதிந்துகொள்ளும். பிறகு அதற்கேற்ப ஏறி இறங்கி வெட்டும். கேண்டில், பிசிஎன்சி போன்ற இலவச மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. கன்ட்ரோலர் போர்டில் அதற்கான இணைப்பு இருந்தால் போதும். விலை குறைந்த மெஷினிலும் நல்ல போர்டு வருவது இந்த வசதியால்தான்.

"இதைவிட நல்ல மெஷின் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஜெர்மனியின் எல்.பி.கே.எஃப். நிறுவனம் ஆய்வகங்களுக்காகச் செய்பவை பல லட்ச ரூபாய் விலை. உலகின் பல ஃபேப் லேப்களில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்து எஸ்.ஆர்.எம்.-20 மெஷினைப் பார்க்கலாம். அதன் ஸ்பிண்டில் வேகம் அதிகபட்சம் நிமிடத்துக்கு 7,000 சுற்றுதான். ஆனாலும் 0.4 மி.மீ. பிட்டை வைத்து அதில் அருமையான போர்டுகள் செய்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் வேலை செய்கிறது, சட்டம் உறுதி. வேகமும் அளவும் இரண்டாம்பட்சம் என்பதற்கு இதுவே சான்று.

வாங்குமுன் விற்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். 20 மி.மீ. சதுரமும், அதற்குள் ஒரு வட்டமும், 0.2, 0.3, 0.4 மி.மீ. அகலக் கோடுகளும் வெட்டித் தரச் சொல்லுங்கள். சதுரத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். வட்டத்தில் தட்டையான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம்.

இனி, அடுக்ககத்துக்கே உரிய விஷயங்கள்.

முதலாவது தூசி. சென்னை ரிச்சி தெருவில் செம்பு அட்டை கேட்டால் கிளாஸ் எபாக்ஸி, பேப்பர் பீனாலிக் என்று இரண்டு வகை உண்டு. கிளாஸ் எபாக்ஸி பலமானது. ஆனால் அதைச் சுரண்டும்போது பறப்பது கண்ணாடி நார்த்தூள். தோலை அரிக்கும், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகள் பழகுவதற்குப் பேப்பர் பீனாலிக் போதும். அதில் கண்ணாடி நார் இல்லை, பிட்டும் சீக்கிரம் மழுங்காது. எந்த அட்டையானாலும் மெஷின் மூடிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்சவேண்டும். என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். ஊதக்கூடாது, பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். படுக்கையறை, சமையலறை வேண்டாம். பால்கனியும் வேண்டாம், காற்று அடித்தால் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல்தான் அந்தத் தூள் போய் விழும்.

இரண்டாவது சத்தம். ஒரு சிறிய போர்டுக்கே அரை மணி முதல் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விதியைவிட முக்கியம், கீழ்வீட்டில் தூங்கும் குழந்தை. காற்றில் வரும் சத்தத்தைப் பெட்டி தடுக்கும். ஆனால் மேஜைக் கால் வழியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வு தடுபடாது. கனமான கிரானைட் பலகையின் மேல் மெஷினை வைத்து, பலகைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் மேஜையை ஒட்டவேண்டாம்.

மூன்றாவது கரண்ட். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் மெஷின் தன் இடத்தை மறந்துவிடும், போர்டு வீண். மெஷினுக்கும் கணினிக்கும் சேர்த்து யு.பி.எஸ். வையுங்கள். ஓடும் மெஷினை விட்டு வெளியே போகாதீர்கள். அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். துப்பட்டா, விரித்த தலைமுடி, தொளதொள கைச்சட்டை இவற்றோடு பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். "லேசர் இலவசம்" என்று கூடவே கொடுத்தால் அதைப் பொருத்தவேண்டாம். கண்பார்வை போனால் திரும்பாது.

இவ்வளவும் கேட்டபின், பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது என்று புரிந்திருக்கும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள். பெட்டி, வேக்குவம், யு.பி.எஸ்., பிட்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக மீதியில்தான் மெஷின். அந்த மீதியில் நல்லது கிடைக்காவிட்டால் சில மாதம் பொறுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐந்து வீட்டில் ஐந்து மெஷின் ஓடினால் ஐந்து மடங்கு தூசி, ஐந்து இடத்தில் சத்தம். கிளப் ஹவுஸின் பின்புறம் சும்மா கிடக்கும் அறையில் ஒரே ஒரு நல்ல மெஷினை வைத்தால் எல்லாருக்கும் போதும். ஆர்வமுள்ளவர்கள் பணம் போட்டு வாங்கட்டும். நேரம் காலை 10 முதல் 1 வரை, மாலை 4 முதல் 7 வரை. பெரியவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்று விதி வைப்போம். சங்கத்திடம் நான் கேட்பது அறையும் அனுமதியும்தான். சத்தத்தை அஞ்சி மறுக்க நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து, பெட்டி மூடிய நிலையில் மெஷின் ஓடுவதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள். மறுத்தால் பிள்ளைகள் நிறுத்திவிடமாட்டார்கள். குளியலறைக் கதவை மூடிக்கொண்டு ஃபெரிக் குளோரைடு கலக்குவார்கள். அதைவிட, நம் கண்ணெதிரே பாதுகாப்பாகச் செய்யட்டும்.