“எப்படி வந்தது?” என்று கேட்காதீர்கள்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பெற்றோர் மனதைக் குடைவது, “நாங்கள் என்ன தப்பு செய்தோம்?” என்ற கேள்விதான். பெரும்பாலும் இது யாரும் செய்த தவறால் வருவதில்லை. தொற்றவும் தொற்றாது. ஆகவே, “எப்படி வந்தது? உங்கள் குடும்பத்தில் யாருக்காவது உண்டா?” என்று லிஃப்டில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். ஏற்கெனவே தங்களையே குற்றம் சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள்.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதில் பரவலான வகைக்குச் சிகிச்சை 2, 3 ஆண்டுகள் நீளும். முதல் வாரம் எல்லோரும் போய்ப் பார்ப்போம். ஆறாவது மாதம் ஒருவரும் போகமாட்டோம். அப்போதுதான் ஆள் வேண்டும்.

“ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். “வியாழக்கிழமை பெரியவனை நான் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன்” என்று சொல்லுங்கள். காப்பீட்டுப் படிவம் நிரப்ப என்னைக் கூப்பிடுங்கள். வங்கியில் படிவங்களோடுதான் காலம் கழித்தேன். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். சிகிச்சையின்போது குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்.

தூக்கமின்றித் தவிப்பவர்களிடம் டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அப்பாக்களுக்கும் கொடுங்கள். அழவில்லை என்பதால் அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.