சின்னப் பிள்ளையுடன் ஊர் பார்க்கப் போவோம்

(கிண்ணியாவில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில், முகாமிலிருந்து திரும்பிவந்த தாயொருவர் ஆற்றிய உரை)



காணி, வீடு, அடையாள அட்டை பற்றி மற்றவர்கள் விளக்கமாகச் சொல்வார்கள். நான் உங்கள் மடியில் இருக்கும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1990 இல் நாங்கள் ஆலங்கேணியை விட்டு வெளியேறியபோது எனக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாமில் வளர்ந்தேன், அங்கேயே கலியாணம், அங்கேயே பிள்ளை. 2011 இல் மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனோம். நானும் கணவரும் என் அப்பாவும். இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதால் விடியவே பஸ் ஏறினோம். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது, பக்கத்துப் பாலத்தில் ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்தது. மகன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயமும் மணலும் கடலும்தான் மிச்சம். அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அப்பா பேரனைத் தோளில் தூக்கி, "அங்க பார் தம்பி, அதுதான் எங்கட நாடு" என்று காட்டினார். அங்கே கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். பிள்ளை இறங்கவேண்டும் என்று அடம்பிடித்தான். கீழே விட்டதும் சிப்பி பொறுக்கத் தொடங்கினான். அப்பாவுக்கு மனவருத்தம். எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

2012 இல் ஊருக்குத் திரும்பினோம். காணியைத் துப்புரவாக்கி, தகரம் அடித்து, குடியிருக்கத் தொடங்கினோம். முதல் ஆறு கிழமை பகலெல்லாம் அலுவலக வரிசைதான். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, அவனும் எங்களோடு வரிசையில் நின்றான். அந்தப் பிள்ளைக்கு இலங்கை என்றால் வெயிலும் வாங்கும் படிவமும் என்றாகிவிட்டது. பொழுதுபட்டால் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்பான். "இதுதானடா வீடு" என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் நாங்கள் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று அழுதோமே, அதே சொல்லைத்தான் அவனும் சொன்னான். அவனுடைய வீடு முகாமில் இருந்த அந்த ஒற்றை அறை.

உங்கள் பிள்ளையும் இப்படிக் கேட்கலாம். கேட்டால் அடிக்காதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். "அந்த வீடும் நல்ல வீடுதான்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் நாடு குறைந்துவிடாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர்தான் சொன்னார், இன்றைக்கு ஒரு படிவமும் வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சும்மா போவோம் என்று. கிண்ணியாவில் பஸ் ஏறினோம். நான் சின்ன வயதில் பார்த்தது பாதையை. வாகனமும் சனமும் மாடும் ஒன்றாக ஏறிக் களப்பைக் கடந்த அந்தப் பாதை இப்போது இல்லை. 2009 அக்டோபரில் திறந்த பாலம் இருக்கிறது, 396 மீற்றர். எனக்கே அது புது ஊர் மாதிரித்தான் இருந்தது. பஸ் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீரைக் கண்ட மகன் எழுந்து நின்று, "பாம்பன்! பாம்பன்!" என்று கத்தினான். வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. உடனே அடுத்த கேள்வி: "ரயில் எங்கே?"

திரும்பி வரும்போது கடையில் "சாக்லேட்" கேட்டான். கடைக்கார நானா, "டொபியா மகன்?" என்று கேட்டு இரண்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. மகனுக்கு ஊரில் கிடைத்த முதல் சொல் டொபி.

ஆகவே முதல் மாதத்திலேயே ஒரு நாளை ஒதுக்குங்கள். தூரம் போகத் தேவையில்லை. ஆசைப்பட்டால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம். கன்னியாவும் கிண்ணியாவும் பெயரில்தான் பக்கத்தில், அது திருகோணமலை நகரைத் தாண்டி அநுராதபுரம் வீதிப் பக்கம். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல இருக்காது. முதலில் உங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைக்கு ஊற்றுங்கள்.

சில விடயங்களில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். தண்ணீர் முதலாவது. 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது என்று இங்குள்ளவர்களைக் கேளுங்கள். பாலம் கட்டும் வேலை நடந்ததால் சனம் மிதவைப் பாதையில் போய்வந்தது. அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இறந்தார்கள். நெரிசலான படகிலோ பாதையிலோ சின்னப் பிள்ளையுடன் ஏறாதீர்கள். பாலத்தால் சுற்றிப் போவதில் வரும் செலவு பெரிதல்ல. களப்பும் ஆழம் தெரியாத இடம். முகாமில் குழாயடியில் வளர்ந்த பிள்ளைக்குக் கிணறு என்றால் விளையாட்டு. கட்டில்லாத பழைய கிணறு உங்கள் வளவில் இருந்தால், வீட்டு வேலைக்கு முன் அதை மூடுங்கள்.

நீண்ட நாள் ஆளில்லாத பற்றைக்காட்டுக்குள் குறுக்குவழி வேண்டாம். புது இடமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மண்ணில் கிடக்கும் இரும்புச் சாமானைப் பிள்ளை எடுத்தால் பார்க்க விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கும். தொடவேண்டாம், எறியவேண்டாம், வந்த வழியே திரும்பி அறிவியுங்கள்.

இந்தியாவில் போட்ட தடுப்பூசி அட்டையை எறிந்துவிடாதீர்கள். அதை உங்கள் பகுதி மிட்வைஃபிடம் காட்டினால் என்ன மிச்சம் என்று பார்த்துச் சொல்வார். அவர் வீட்டுக்கே வருபவர். அதற்காகப் பிள்ளையை வரிசையில் நிறுத்தவேண்டிய தேவையில்லை.

மகன் கேட்ட ரயிலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு சீனன்குடா ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம். அப்பாவும் வந்தார். ரயில் பிந்திவிட்டது. கொண்டுபோன தண்ணீரும் பணிசும் முடிந்து, பிள்ளை அப்பாவின் மடியில் நித்திரையாகிவிட்டான். சத்தம் கேட்டதும் அப்பாதான் அவனை எழுப்பித் தோளில் தூக்கினார். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை தானாகவே கையை நீட்டிக் காட்டினான்.