மழைக்காலமும் நம்ம வீட்டுத் தொழில் சாமானும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பாலசமுத்திரத்தில் ஒரு குழுவில் உறுப்பினர். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மைக் முன்னால நிக்கிறது இதுதான் முதல் தடவை, தப்பா பேசினா பொறுத்துக்கோங்க. "சேமிப்பைப் பத்திப் பேசும்மா"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நான் எங்க வீட்டு டைல்ஸ் வெட்டுற மிஷினைப் பத்திப் பேசப் போறேன். சேமிப்பும் அதுக்குள்ளயே வரும்.

நம்ம பக்கம் பெரிய மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். கொடைக்கானல் மலையில மேகம் இறங்கினா, பாலாறு பொருந்தலாறு அணையில தண்ணி ஏறுதான்னு எல்லாரும் விசாரிப்போம். வயல் வெச்சிருக்கிறவங்களுக்கு அது நல்ல சேதி. ஆனா கொத்தனார் வீட்டுலயும், பெயிண்டர் வீட்டுலயும், தச்சு வேலை, மண்பாண்ட வேலை செய்யறவங்க வீட்டுலயும் அந்த ரெண்டு மாசம் எப்படி ஓடும்னு இங்க இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். டைல்ஸும் ஒட்டுவார். மூணு வருஷம் முந்தி ஐப்பசியில தொடர்ந்து பத்து நாள் மழை. வேலை இல்லை. பிள்ளைக்கு டியூஷன் பீஸ், கடை பாக்கி, தீபாவளி எல்லாம் சேர்ந்து வந்துச்சு. நகை ஏற்கெனவே பேங்க்ல இருந்துச்சு. நான்தான் அவர்கிட்ட, "சும்மா கிடக்கிற மிஷினை வெச்சுப் பணம் வாங்கிட்டு வாங்க, மழை விட்டதும் மீட்டுக்கலாம்"னு சொன்னேன். அவருக்கு மனசே இல்லை. ரெண்டு நாள் பேசாம இருந்தார். அப்புறம் கொண்டுபோய் 3,000 ரூபாய்க்கு வெச்சார். மாசம் நூத்துக்கு அஞ்சு வட்டி.

மழை விட்டுச்சு. பழனியில ஒரு புது வீட்டுக்கு டைல்ஸ் வேலைக்குக் கூப்பிட்டாங்க. பதினஞ்சு நாள் வேலை. மிஷின் அடகுல இருக்கு. மீட்கப் பணம் வேணும், பணத்துக்கு வேலை வேணும், வேலைக்கு மிஷின் வேணும். அந்த வேலை வேற ஒருத்தருக்குப் போச்சு. இவர் அவருக்குக் கீழேயே கூலிக்குப் போனார். ரெண்டு மாசம் கழிச்சு 3,300 கட்டி மீட்டோம். ஈரச் சாக்குல சுத்தி மூலையில போட்டிருந்திருக்காங்க. பேரிங் துருப்பிடிச்சு, சரி பண்ண இன்னும் 700 ஆச்சு.

இதுல எனக்கு இன்னைக்கும் உறுத்துறது என்னன்னா, அந்த மாசம் எங்க குழுக் கணக்குல பணம் இருந்துச்சு. நான் கேக்கலை. அரிசி வாங்கக் கடன் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு வெட்கம். கூட்டத்துக்குப் போனேன், சந்தாவைக் கட்டினேன், கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

அடுத்த வருஷம் பழனியில நடந்த இலவச சட்ட உதவி முகாமுக்குப் போனப்ப ஒரு வக்கீலம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல 60-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்காம். கடனுக்காக கோர்ட்டே ஜப்தி பண்ணினாலும் கைத்தொழிலாளியோட கருவியை எடுக்கக் கூடாதாம். சமையல் பாத்திரத்துக்கும் அதே பாதுகாப்பு. நாமளே கொண்டுபோய் அடகு வெச்சா அது வேற கதை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கோர்ட்டு கூடத் தொடாத சாமானை நான் என் வாயாலயே எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அடுத்த குழுக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் நடந்ததைச் சொன்னேன். சொன்னதும் இன்னொரு அக்கா, "நானும் தையல் மிஷினை வெச்சேன்"னாங்க. அப்படியே நாலு பேர் சொன்னாங்க. அதுக்கப்புறம் மூணு காரியம் செஞ்சோம்.

முதல் காரியம், ஆயுத பூஜை. வழக்கமா கருவிக்குச் சந்தனம், குங்குமம் வெச்சுக் கும்பிட்டு அப்படியே விட்டுருவோம். ஈரச் சந்தனம் இரும்புல காய்ஞ்ச இடத்துலயே துரு பிடிக்கும். அதனால மறுநாள் விஜயதசமிக்கு எல்லாத்தையும் துடைச்சு, மிஷின் ஆயில் லேசா தடவி வைக்கிறோம். தேங்காய் எண்ணெய் போடாதீங்க, கொஞ்ச நாள்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும். கரண்டியில சிமெண்ட் காயறதுக்கு முன்னால கழுவித் துடைக்கணும். உளி, இழைப்புளி, ரம்பம் எதையும் தரையில வைக்காதீங்க, சாக்குல சுத்தாதீங்க. சாக்கு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். தகரப்பெட்டியில அடுப்புக்கரி ரெண்டு துண்டு துணியில முடிஞ்சு போட்டு, பெட்டியைப் பலகை மேல வைங்க. தையல் மிஷினைச் சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி, செங்கல் மேல ஏத்தி வைங்க. ஊசியைக் கழட்டி வைங்க, துரு ஊசி பட்டா புதுத்துணியில கறை விழும். கரண்ட் மிஷின் நனைஞ்சா நல்லாக் காயாம பிளக்ல சொருகவே சொருகாதீங்க. மிஷினை வேற வாங்கலாம், மனுசனை வாங்க முடியாது.

ரெண்டாவது, மழைப் பணம். சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும் வேலை நல்லா ஓடுற ஆறு மாசமும், சந்தா போக வாரம் 50 ரூபாய் தனியா கட்டுறோம். 26 வாரத்துக்கு ஒரு ஆளுக்கு 1,300. நாங்க 14 பேர், மொத்தம் 18,200. ஐப்பசி பிறந்தா யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவங்கவங்க பணத்தை எடுத்துக்கலாம். பத்தலைன்னா குழுவுல கடன் உண்டு. ஒரே ஒரு கட்டுப்பாடு, தொழில் சாமானை அடகு வைக்கக் கூடாது.

மூணாவது, வெயில் வேலை, நிழல் வேலைன்னு பிரிச்சோம். இதை எங்க குழுவுல மண்பாண்டம் செய்யற அக்காகிட்ட கத்துக்கிட்டோம். கார்த்திகை அகல் விளக்கு விக்கிறது மழையில, ஆனா மழையில மண்ணு காயாது, சூளையும் பிடிக்காது. அதனால அவங்க ஆவணி, புரட்டாசி வெயில்லயே செஞ்சு சுட்டு அடுக்கிருவாங்க. சின்னாளப்பட்டியில தறி நெய்யறவங்களும் தெருவுல பாவு போடுற வேலையை மழைக்கு முன்னாலயே முடிக்கப் பார்ப்பாங்க. நாங்களும் அப்படித்தான். துணியைப் புரட்டாசியிலயே வாங்கி வெட்டி வெச்சுக்கிட்டோம். மழையில வீட்டுக்குள்ள உக்காந்து மஞ்சப்பை தெச்சோம். 2019 ஜனவரியில இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, பழனி கடைகளுக்குப் பை வேணும். கார்த்திகை, மார்கழியில ஐயப்ப சாமிமாருங்க வர்றப்ப நல்லாவே போகுது. எங்க வீட்டுக்காரர் கூட பைக்குக் காது வெட்டிக் கொடுத்தார். முதல்ல வெட்கப்பட்டார், இப்ப என்னைவிட நேரா வெட்டுறார்.

இன்னும் ரெண்டு சேதி. கட்டட வேலைக்குப் போறவங்களுக்கு 1994-ல இருந்து தனி நல வாரியம் இருக்கு. ஆணோ பெண்ணோ, பதிவு பண்ணியிருக்காங்களா, புதுப்பிச்சிருக்காங்களான்னு வீட்டுல பாருங்க. தையல், தச்சு, மண்பாண்டம் மாதிரி 25 தொழிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம்னு 2025-ல வந்திருக்கு. 35 வயசு ஆனவங்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான். ஒவ்வொரு குழுவும் புரட்டாசி மாசக் கூட்டத்துல, "யார் வீட்டுல என்ன சாமான் இருக்கு, எது அடகுல இருக்கு"ன்னு கேக்கணும். அடகுல இருந்தா மழைக்கு முன்னாடி மீட்கக் கடன் கொடுக்கணும். கேக்கிறதுக்கு வெட்கப்படுற என்னை மாதிரி ஆளுங்க எல்லாக் குழுவுலயும் இருப்பாங்க. அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, நீங்களே கேளுங்க.

அந்த மிஷின் இன்னைக்கும் ஓடுது. இன்னைக்குக் காலையில கூட அவர் அதைத் தூக்கிட்டு வேலைக்குப் போயிருக்கார். அதனாலதான் அவர் இந்த விழாவுக்கு வரலை.